டீச்சர் வண்டிக்கு ஒரு பேரிங் செட்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? சகலைக்கு இருமல் நின்றதா?

நான் போனை எடுப்பதில்லை என்று சகலை கோபப்பட்டாராம். நியாயம்தான். அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு உதவி வேண்டும். உங்கள் தங்கை ஊராருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்த காரின் இன்ஜின் ரொம்ப நாளாகப் புகை அடித்து, ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் நானும் அவளுமாக அதை இறக்கி, வீட்டு ஷெட்டிலேயே முழுக்கப் பிரித்தோம். செப்டம்பரில் அவள் போனதோடு எல்லாம் நின்றுவிட்டது. இப்போது மறுபடி கை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூன்றுதான். மூன்றிலும் "அந்த மாடல் வர்றதே இல்லைங்க" என்கிறார்கள். உங்கள் ஊரில் அதற்கென்று ஒரு தெருவே இருக்கிறதே. லிஸ்ட் இணைத்திருக்கிறேன். மருந்துக்கடை வேலைக்கு இடையில் உங்களை அலைய வைக்கிறேன். வேறு யாரைக் கேட்பதென்று தெரியவில்லை.

இன்ஜின் முடிந்ததும் அந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு அங்கே வருகிறேன். மகள் மிளகை இத்தனை நாள் கழித்துப் பார்க்கப் போகும்போது அந்த வண்டியில் போனால் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. மிளகு நலம் என்று நினைக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு அக்கா எழுதுவது. முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அப்படியே. உன் சகலையின் இருமல் போய்விட்டது, குறட்டை போகவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? எழுது.

உன் லிஸ்டை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு அந்தத் தெருவுக்குப் போனேன். இரண்டு பக்கமும் கடை. நடைபாதை முழுக்க இரும்பு. சேலையில் கிரீஸ் ஒட்டாமல் நடப்பதே பெரிய வித்தை. முதல் கடையில் ஒருவர் லிஸ்டைப் படிக்காமலே ஒரு ஹெட் கேஸ்கட்டைத் தூக்கிப் போட்டு, "எல்லாத்துக்கும் இதுதான்மா" என்றார். என் கவுண்டரில் நான் அப்படிச் சொன்னால் கம்பி எண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆறாவது கடையில் காதில் பென்சில் சொருகிய ஒரு மனுஷர் லிஸ்டை முழுதாகப் படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது, டாக்டர் இல்லையே என்று கேட்டார். அவரிடம்தான் எல்லாம் வாங்கினேன். பிஸ்டன் ரிங் செட்டும் கேஸ்கட்டும் பார்சலில் வருகின்றன. பெட்டி மேல் இருக்கிற நம்பரை உன் நம்பரோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன்.

மிளகு நடக்க ஆரம்பித்துவிட்டாள். உன் லிஸ்டில் அது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

பார்சல் வந்தது. ரிங் பெட்டிக்குள் நான்கு பொட்டலம். மூன்று சரி. நான்காவது வேறு ஏதோ இன்ஜினுக்கானது, விட்டம் ஒன்றரை மில்லி குறைவு. பெட்டி மேல் நம்பர் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்ததில் தப்பே இல்லை, உள்ளே போட்டவன் தப்பு. கேஸ்கட்டில் தண்ணீர் போகிற இரண்டு ஓட்டைகள் ஆறு மில்லி தள்ளி இருக்கின்றன. அதை மாட்டினால் தண்ணீர் நேராக ஆயிலுக்குள் போகும். இரண்டையும் திருப்பி அனுப்புகிறேன். மாற்றித் தருவார்களா?

ஆறு கடை ஏறி இறங்கியிருக்கிறீர்கள். நான் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். என் ஆபீஸில் யாரும் இப்படி ஒரு ரிப்போர்ட் எழுதியதில்லை.

நடக்கிறாள் என்றால் மாடிப்படிக்கு ஒரு தடுப்பு வேண்டும். கீழ்ப்படியில் மட்டும் போதாது, மேலேயும் வையுங்கள். கம்பி வைத்தால் இடைவெளி ஒன்பது சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தலை நுழையும்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். உன் ஒன்பது சென்டிமீட்டரைக் கேட்டு சகலை டேப்பும் கையுமாக இரண்டு நாள் அலைந்தார். தடுப்பு தயார். அதில் முதலில் முழங்காலை இடித்துக்கொண்டது அவர்தான்.

ரிங் பொட்டலத்தைக் காதுப்பென்சில் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார். கேஸ்கட்டை மட்டும் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நான் கொடுத்தது வண்டி வருஷத்துக்குச் சரியாத்தான் கொடுத்திருக்கேன். இன்ஜின் அதே வருஷம்தானா? இன்ஜின் பிளாக்ல நம்பர் அடிச்சிருப்பாங்க. அதைச் சொல்லச் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் எதுவும் கொடுக்க மாட்டேன்." சீட்டு இல்லாமல் மருந்து தரமாட்டேன் என்று நான் சொல்கிற அதே குரல். எனக்கு மனுஷரைப் பிடித்துவிட்டது.

நம்பர் பார்த்து எழுது. என் முட்டியைப் பற்றி விசாரித்தாய், சகலையின் இருமலைப் பற்றி விசாரித்தாய். இன்னும் ஒருத்தி இருக்கிறாள். படிக்கட்டுக்குத் தடுப்பு சொன்னாய், சரி. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டால் குறைந்தா போய்விடும்?

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மிளகு எப்படி இருக்கிறாள்? கேட்டுவிட்டேன்.

பிளாக் நம்பர் தனித்தாளில் இருக்கிறது. அதை நான் போய்ப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பிரித்த பாகங்களை உங்கள் தங்கை இருபத்துமூன்று பைகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருந்தாள். உங்கள் கடையில் லீவு நாட்களில் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட பழக்கம் என்பாள். நான் அக்டோபரில் அத்தனை சீட்டையும் எழுத்து தெரியாதபடி திருப்பி வைத்துவிட்டேன். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் உங்களுக்கு லிஸ்ட் எழுதினேன். உங்கள் கடிதம் வந்ததும் கேஸ்கட் பையின் சீட்டைத் திருப்பினேன். அவள் எழுதியிருந்தது இது:

"புக்கைப் பார்த்து வாங்காதே. வண்டிக்கு ஒரு வயசு, இன்ஜினுக்கு ஒரு வயசு. நமக்கு முன்னாடி இருந்த ஆள் மாத்தியிருக்கான். பிளாக் நம்பர் கீழே எழுதியிருக்கேன். எங்கிட்ட கேக்காம கடைக்கு ஓடாதே."

உங்களை இரண்டு தடவை வீணாக அலைய வைத்தது நான்தான். மன்னித்துவிடுங்கள்.

பிறகு மற்ற சீட்டுகளையும் படித்தேன். சிலிண்டர் அளவுகளை என் கருவியை வாங்கித்தான் எடுத்தாள். நான்காவது சிலிண்டரில் அவள் எழுதியதற்கும் நான் அளந்ததற்கும் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தது. அவள் புதுசு, தப்பாக அளந்திருப்பாள் என்று நினைத்தேன். மூன்று முறை திரும்ப அளந்தேன். அவள் எழுதியதுதான் சரி. நான் கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

இன்ஜின் நடுவில் சுற்றுகிற கிராங்க் தண்டை லேத்துக்குக் கொடுத்துக் கடைந்து வாங்கிவிட்டேன். லேத்துக்காரர் சீட்டில் இருந்த கையெழுத்தைப் பார்த்து, "டீச்சர் வண்டியா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எம் பொண்டாட்டிக்கு நான் ஆறு மாசம் சொல்லிக்கொடுத்தேன், சண்டைதான் மிச்சம். டீச்சர் ஒம்பது நாள்ல ரோட்ல விட்டாங்க. ஒரு தடவைகூட கத்தினதில்லையாம், நம்ப முடியுதா?" என்றார். நம்ப முடியும் என்றேன். அந்தக் காரில் கற்றுக்கொடுப்பவருக்கென்று இடதுபக்கம் தனி பிரேக் உண்டு. அதன் ரப்பர் புதுசு மாதிரியே இருக்கிறது. அத்தனை வருஷத்தில் அவள் அதை மிதித்தது குறைவு.

கடைந்ததில் கிராங்க் ஒரு சைஸ் இளைத்துவிட்டது. அதனால் அதைப் பிடிக்கிற பேரிங் செட் அந்த அளவுக்குத் தடிமனாக, இருபத்தைந்து சைஸ் வேண்டும். கேஸ்கட், நீங்கள் மாற்றி வாங்கி வைத்திருக்கிற ரிங், பேரிங். இவ்வளவுதான்.

சகலையின் முழங்காலுக்கும் சேர்த்து ஒத்தடம் கொடுங்கள்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தைச் சகலைக்குப் படித்துக் காட்டினேன். அந்தச் சீட்டு வரைக்கும்தான் படிக்க முடிந்தது. மீதியை அவர் வாங்கிப் படித்தார்.

சின்ன வயதில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தால், முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அக்கா, சரியா இருக்கானு பாக்காதே, சரியாத்தான் இருக்கு" என்பாள். எரிச்சலாக வரும். பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

நீ கேட்ட மூன்றும் பார்சலில் வருகின்றன. காதுப்பென்சில் பிளாக் நம்பரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். இருபது நிமிஷம் கழித்துத் தலையெல்லாம் தூசியோடு வந்து, "இது எழுதினவங்க ஆளு கெட்டிக்காரங்க" என்றார். என் தங்கை என்றேன். பேரிங்கின் முதுகில் இருபத்தைந்து என்று அடித்திருப்பதை நானே கண்ணாடி போட்டுப் பார்த்தேன். உன் லிஸ்டில் இனி எதுவும் பாக்கி இல்லை.

இன்னொன்று. மிளகு பேசுகிறாள். நான் கூப்பிடுவதைப் பார்த்துச் சகலையை "ஏய்" என்று கூப்பிடுகிறாள். அவரும் ஏன் என்று கேட்கிறார். என்னை அம்மா என்கிறாள். பெரியம்மா சொல்லு என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு அது கேட்க நன்றாக இருக்கிறது தம்பி, அதனால்தான் பயமாக இருக்கிறது. உன் போட்டோவைக் காட்டி அப்பா என்கிறோம். அவள் போட்டோவைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சுவரைக் காட்டி அப்பா என்கிறாள். எப்போது வருகிறாய்?

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனைவரும் நலம் என்று அறிந்தேன்.

கேஸ்கட் கச்சிதமாக உட்கார்ந்தது. ரிங்கும் சரி. பேரிங் மட்டும் லூஸாக இருக்கிறது. ஐம்பது சைஸ் வேண்டும். சிரமத்துக்கு வருந்துகிறேன். மற்றபடி இங்கு விசேஷம் எதுவுமில்லை.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

இங்கு யாவரும் சுகம். ஐம்பது சைஸ் அனுப்பியிருக்கிறேன். முட்டி காரணமாக இந்தத் தடவை சகலை போனார். காதுப்பென்சில் அவரிடம் "அம்மா வரலையா" என்று கேட்டு, டீ கொடுக்காமல் அனுப்பிவிட்டாராம். எனக்கு எப்போதும் கொடுப்பார்.

போன கடிதத்தில் வேறொரு விஷயமும் எழுதியிருந்தேன். தாளின் பின்பக்கத்தில் இருந்தது. நீ திருப்பிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

ஐம்பது சைஸ் டைட். கிராங்க் சுற்றவே இல்லை. ஸ்டாண்டர்டு சைஸ் கிடைக்குமா என்று கேளுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. முட்டி சரியான பிறகு போனால் போதும்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

எங்கள் எல்லாருக்கும் சுகம். உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஸ்டாண்டர்டு வாங்கப் போனேன். காதுப்பென்சில் என்னை உட்கார வைத்து, இந்த இரண்டு மாதத்தில் நாம் கேட்டது எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதினார். பிறகு சொன்னார்: "மார்ச்ல கிராங்க் ஒரு சைஸ் இளைச்சிருந்தது. ஏப்ரல்ல ரெண்டு சைஸ். இப்ப கம்பெனியில பொறந்தப்போ இருந்த மாதிரி குண்டாயிடுச்சு. ஏம்மா, இது இரும்பா, இல்ல டயட்ல இருக்கிற ஆளா?" கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சிரிப்பு போய்விட்டது.

உன் கடிதங்களை நான் மருந்துச்சீட்டு மாதிரி ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வரிசையாக வைத்துப் படித்தேன். நூறில் ஒரு பங்குக்காக மூன்று தடவை அளந்தவன் நீ. உனக்குச் சைஸ் தப்பாது.

என் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். மனைவி படுக்கையில். தினம் சாயங்காலம் ஒரு மாத்திரை அட்டை வாங்குவார், மறுநாள் வந்து இந்தப் பவர் இல்லை, வேறு பவர் என்பார். மாற்றிக் கொடுப்பேன். அதற்கு மறுநாள் பழையதே சரி என்பார். கடைப் பையன் ஒருநாள் சத்தம் போட்டான். நான் அவனை அடக்கிவிட்டு, பெரியவருக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டேன். அவருக்கு மாத்திரை தேவைப்படவில்லை. வீட்டுக்குப் போகாமல் நிற்பதற்கு ஒரு கவுண்டர் தேவைப்பட்டது. மனைவி போகும்வரை அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.

உனக்கும் ஸ்டூல் போடலாம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எந்த சைஸ் கேட்டாலும் வாங்கி அனுப்புவேன், எனக்கு அந்தத் தெருவும் டீயும் பழகிவிட்டன. ஆனால் மிளகுக்கு அப்படிக் காத்திருக்கத் தெரியாது. அவள் தினம் ஒரு வார்த்தை கற்றுக்கொள்கிறாள். நாளைக்கே வேறு யாரையாவது காட்டி அப்பா என்பாள், அதை மாற்றித்தர எந்தத் தெருவிலும் கடை இல்லை.

இன்ஜின் முடிந்தால்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? காலை ஆறு பத்துக்கு உங்கள் ஊரில் பஸ் இருக்கிறது. பன்னிரண்டரைக்கு இங்கே வந்துவிடும். இரண்டு மணிக்கு அவள் தூங்கிவிடுவாள்.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்தேன். நலம் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறேன். அதனால் இந்தத் தடவை அதை எழுதவில்லை.

முதல் செட்டே சரியாக இருந்தது. பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவில் ஒரு மெழுகு இழை வைத்து முறுக்கித் திறந்தால், அது நசுங்கிய அகலத்தில் இடைவெளி தெரியும். நாற்பது மைக்ரான். புத்தகத்தில் உள்ளபடியே. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பேரிங்கைக் கழற்றி, ஆயிலைத் துடைத்து, வந்த பெட்டியிலேயே வைத்து, உங்களுக்கு லூஸ் என்று எழுதினேன். ஒன்பது வருஷத்தில் ஒரு தப்பான அளவுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதில்லை. உங்களுக்கு மட்டும் இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன் அக்கா. ஏப்ரல் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரிங் போட்டால் மூட வேண்டும். மூடினால் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அது ஓடிவிட்டால் அங்கே வர வேண்டும். அந்த இன்ஜின் பிரிந்து கிடக்கிறவரை, இது நானும் அவளும் பாதியில் வைத்த வேலை. நான் மூடிவிட்டால் நான் முடித்த வேலையாகிவிடும். அது ஒன்று. இன்னொன்று, மிளகுக்கு அவள் முகம். அந்த முகம் என்னைப் பார்த்து இது யார் என்று நின்றால் என்ன பதில் சொல்வேன்? எட்டு மாதம் என்ன செய்தாய் என்று கேட்டால், சைஸ் சரியில்லை என்று சொல்ல முடியாது.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டு என்னைத் திட்டவில்லை. அவளும் அப்படித்தான். கியரை மாற்றிப் போட்டு வண்டியைக் குலுக்குகிறவர்களிடம், "சரி, இப்ப எங்க இருக்கோம்னு பாருங்க" என்றுதான் சொல்வாள். உங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தானா என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இந்த வீட்டில் இடம் கிடைத்தது பெரிய விஷயம்.

வருகிற சனிக்கிழமை ஆறு பத்து பஸ்ஸில் வருகிறேன்.

தம்பி


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சாப்பிடுகிறேன், நீங்கள் கட்டிக்கொடுத்தது அடுத்த நாள் மத்தியானம் வரை வந்தது.

மூன்று நாள் உங்களோடு இருந்தும் ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வாய் வரவில்லை. நான் வந்த அன்று மிளகு உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அம்மா என்றாள். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், உடனே குனிந்து "பெரியம்மா சொல்லு" என்றீர்கள். இனி திருத்த வேண்டாம். பெற்றவளைப் பற்றி நான் அவளுக்குச் சொல்வேன், சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் கூப்பிட்டால் வருகிறவரைத்தான் குழந்தை அம்மா என்கிறது. அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.

தேவைப்படாத அந்த ஐம்பது சைஸ் செட்டை எடுத்துக்கொண்டு காதுப்பென்சிலிடம் நானே போனேன் அல்லவா? உங்களிடம் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "அந்த அம்மாவை இனிமே அனுப்ப மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். குரலில் வருத்தம் தெரிந்தது. சகலையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் நாள் நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது நடந்தது. மிளகுக்கு நான் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருந்தேன், வெளியே எடுக்காமல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். சகலை தூங்கிக்கொண்டிருந்தார். அவள் என் பையைக் குடைந்து அதை எடுத்துவிட்டாள். தானே தரையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். விரல்கள்தான் நுழைந்தன, குதிகால் முழுக்க வெளியே. இழுத்தாள், திருப்பிப் போட்டுப் பார்த்தாள், அடுத்த பாதத்தில் முயன்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழவில்லை. எங்கே தப்பு என்று நிதானமாகத் தேடுகிற பார்வை.

புறப்படுகிற அவசரத்தில் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கினேன். என்ன வயசு என்று கேட்டார்கள். பத்து மாசம் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கவே இல்லை அக்கா. செப்டம்பரில் பார்த்த பாதம்தான் என் கையில் இருந்தது. அவளுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது.

உங்கள் மருந்துக்கடை உறை ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தேன். ஏறி நில்லு என்றேன். ஏறினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொள்ள அங்கே வேறு எதுவும் இல்லை. பேனாவால் பாதத்தைச் சுற்றி வரைந்தேன். கூச்சத்தில் சிரித்து நெளிந்ததில் முதல் கோடு கோணிவிட்டது. இரண்டாவதும் கோணிவிட்டது. மூன்றாவது நன்றாக வந்தது. நான் நிறுத்தலாம் என்றிருந்தேன், அவள் இன்னொரு பாதத்தையும் தூக்கி வைத்தாள்.

இங்கே வந்திறங்கியதும் ஷூ பெட்டியோடு நேராக அந்தக் கடைக்குத்தான் போனேன். உறையைக் காட்டினேன். கடைக்காரர் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு ஜோடி எடுத்தார், அதை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "வளர்ற குழந்தை சார். ரெண்டு சைஸ் பெருசா போடுங்க, அடுத்த வருஷம் வரைக்கும் கவலை இல்லை."

"வேண்டாங்க. இப்ப இருக்கிற பாதத்துக்குக் கொடுங்க."

"மூணே மாசத்துல பத்தாமப் போயிடும் சார்."

"போகட்டும்ங்க. மாசாமாசம் போய் அளந்துட்டு வர்றேன்."

தம்பி